மில் மாடியில் ஒரு வெள்ளைத் துண்டு

மிக்சியைப் போடுவதற்கு முன்னால் அப்பா எதற்காக ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார் என்று நீங்கள் இரண்டு பேரும் ரொம்ப நாளாகச் சிரிக்கிறீர்கள். உங்கள் அம்மாவும் கூடச் சேர்ந்துகொள்கிறாள். அவளுக்குக் காரணம் தெரியும், இருந்தாலும் சிரிக்கிறாள். உங்களுக்குத் தெரியாது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். நடந்ததை நடந்தபடி சொல்ல மட்டும்தான் வரும்.

நான் எட்டிப் பார்ப்பது ஒரு துண்டை. கோவில்பட்டியில், நம் தெருவில், அப்படி ஒரு துண்டு கிடையாது என்று எனக்குத் தெரியும். கை சுவிட்சுக்குப் போகும்போது கண் தானாக அங்கே போய்விடுகிறது.

நீங்கள் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்னால் நாம் புதூர்ப் பக்கத்தில் ஒரு ஊரில் இருந்தோம். அந்த ஊர் மாவு மில்காரரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பெயரை எழுதவில்லை. எழுதினால், "ஊர்ல எத்தன பேரு இருக்காக, என் பேர மட்டும் எதுக்குலே முந்தி எழுதுத?" என்று கேட்கக்கூடிய மனிதர். ஊருக்கே அவர் அண்ணாச்சி. எனக்கும் அண்ணாச்சி.

"ஒவ்வொருத்தரா" என்பதுதான் அவருடைய சொல். காலையில் பல் தேய்த்ததும் அதைச் சொல்ல ஆரம்பிப்பார், படுக்கும்வரை சொல்வார். கோவில்பட்டி டவுன்பஸ் வந்து நின்றால் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் படியில் முட்டிக்கொள்வார்கள். அண்ணாச்சி ஏறவும் வேண்டியதில்லை, இறங்கவும் வேண்டியதில்லை. ஆனாலும் படிக்குப் பக்கத்தில் போய் நின்று, "ஒவ்வொருத்தரா வாங்க, ஒவ்வொருத்தரா" என்பார். ஒருநாள் கண்டக்டர் விசிலைக் கழற்றி நீட்டினார்.

"அண்ணாச்சி, இந்தாங்க, நீங்களே வண்டியக் கொண்டு போங்க. நான் மில்லப் பாத்துக்கிடுதேன்."

"நீ வத்தலும் மல்லியும் ஒண்ணா போட்டு அரைப்ப. ஒன்னைய நம்ப முடியாது" என்று அண்ணாச்சி விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியும் ரசவாளியும் அவர் இலைக்கு ஒரே நேரத்தில் வந்துவிடக் கூடாது. வந்தால் இரண்டு பேரையும் நிறுத்தி, "சோறு யாருக்குன்னு பதில் சொல்லும்?" என்று கேட்பார். இதெல்லாம் பரவாயில்லை. ஒரு துட்டி வீட்டில் அவர் செய்ததுதான் இன்றைக்கும் ஊரில் பேச்சு. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சேர்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எல்லாரும் சேந்து அழுதா இறந்தவரப் பத்தி என்ன சொல்லுதீங்கன்னு ஒண்ணும் விளங்க மாட்டேங்கு. ஒவ்வொருத்தரா அழுங்க."

வட்டம் அப்படியே நின்றுவிட்டது. கடைசியில் இறந்தவரின் அண்ணன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ நான்தான மொதல்ல? நான்தான மூத்தவ" என்று கேட்டுவிட்டு ஆரம்பித்தார்.

இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், கரண்டிலிருந்து வந்தது.

எங்கள் ஊருக்குக் கரண்டு வரும் லைன் ரொம்ப நீளம். எங்கேயோ இருக்கும் சப்ஸ்டேஷனிலிருந்து கிளம்பி, கரிசல் காட்டுக்குள் கம்பம் கம்பமாக நடந்து, வழியில் இருக்கிற கிணற்று மோட்டாருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, மிச்சம் மீதியோடு எங்கள் ஊருக்கு வந்து சேரும். அதற்குமேல் லைன் கிடையாது. அந்தக் கடைசியின் கடைசியில் அண்ணாச்சி மில். அவர் மோட்டாரைப் போட்டால் தெருவில் எல்லா பல்பும் மங்கும். தெருவில் நாலு பேர் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் அண்ணாச்சி மோட்டார் சுற்ற முடியாமல் உறுமும். சுற்ற முடியாத மோட்டார் சூடாகும். சூடு மிஞ்சினால் உள்ளே காயில் என்கிற செம்புக் கம்பிச் சுற்று எரிந்துபோகும்.

அப்படி எரிந்து, மறுபடி காயில் கட்டி, மறுபடி எரிந்த மோட்டார் அது. கோவில்பட்டியில் காயில் கட்டும் கடைக்காரர் கடைசித் தடவை சொல்லி அனுப்பிவிட்டார்: இன்னொரு தடவை எரிந்தால் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போங்கள். இது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த அண்ணாச்சி மகனுக்குத் தெரிந்தது. "இன்னொரு தடவ எரிஞ்சா மில்லப் பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துரணும்" என்று அவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அண்ணாச்சி சரி என்று வாக்குக் கொடுத்தார். எரியவே விடமாட்டோம் என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு.

ஆனால் மதினிக்கு, அண்ணாச்சி வீட்டம்மாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், திருப்பூரில் பேத்தி இருந்தாள். மதினி ஒரு சூட்கேசைத் துடைத்து மில் வாசலுக்குள்ளேயே வைத்திருந்தார். அதில் பேத்திக்குத் தைத்த பாவாடை இருந்தது. பேத்தி வளர வளர அந்தப் பாவாடையைப் பிரித்து நீளம் விட்டு மறுபடி தைத்து வைப்பார்.

அண்ணாச்சி நாள் முழுக்க நடுநடுவே வந்து மோட்டார் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியில் வைத்துப் பார்ப்போமே அந்த மாதிரி. "காய்ச்சல் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் போனதும் மதினி வந்து புறங்கையை வைத்துப் பார்ப்பார். "இல்லதான்" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார்.

மோட்டாருக்காகத்தான் துண்டு. மில்லின் மொட்டை மாடியில் பழைய டிவி ஆன்டெனா கம்பி ஒன்று இருந்தது. அரவை ஆரம்பிக்கும்போது அண்ணாச்சி அதில் சிவப்புத் துண்டைக் கட்டுவார். சிவப்பு பறந்தால் யாரும் புதிதாக மோட்டார், கிரைண்டர், மிக்சி போடக் கூடாது. துண்டு இறங்கினால் ஒவ்வொருத்தராகப் போட்டுக்கொள்ளலாம். ஊர் சின்னது, மில் மேட்டில் இருக்கிறது, எல்லா வாசலிலிருந்தும் கம்பி தெரியும். மதிக்காதவர்கள் உண்டா என்றால், உண்டு. அன்றைக்கு அவர்கள் வீட்டுக் கம்பு கடைசியாகத்தான் அரைபடும்.

"அண்ணாச்சி, இது மில்லா, கட்சி ஆபீசா?" என்று டீக்கடைக்காரர் கேட்பார். "தேர்தல் வந்தா வேற கலர் வச்சிருக்கீகளா?"

"ஒனக்கு டீ ஆறுதேன்னு கவல. எனக்கு மோட்டாரு கொதிக்கேன்னு கவல" என்பார் அண்ணாச்சி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஊருக்கு வெளியே தரிசில் சோலார் வந்தது. முள்ளுக்காட்டை அழித்து வரிசை வரிசையாகத் தகடு நட்டார்கள். எனக்கு அங்கே தகடு கழுவும் வேலை கிடைத்தது. கரிசல் புழுதி படிந்தால் தகட்டுக்கு வெயில் தெரியாதாம். நீளக் கம்பில் துணி கட்டித் துடைத்துக்கொண்டே போவோம். அங்கே உண்டாகும் கரண்டையும் எங்கள் ஊர் லைனிலேயே சேர்த்துவிட்டார்கள். இனிமேல் கரண்டுக்குப் பஞ்சமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

நடந்தது வேறு. உச்சி வெயிலில் வீடுகளில் பல்பு கண்ணைக் குத்தியது, பிறகு பட்டென்று போனது. ஃபேன் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடுமோ என்று பயமாக இருந்தது. திடீரென்று ஒரு மேகம் வந்தால் எல்லாம் சோர்ந்து போகும். மில் சுவரில் வோல்டேஜ் காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. அதன் முள் இத்தனை நாள் கீழே விழுவதை மட்டுமே பார்த்தவர் அண்ணாச்சி. இப்போது மேலேயும் ஏறுகிறது. அவர் தீர்மானமாகச் சொன்னார்:

"வெயில்ல காய்ச்சுன கரண்டுல்லா. சூடு இருக்கத்தான செய்யும்."

சொன்னதோடு விடாமல் மில் கூரைக்கு மேல் ஈரச் சாக்கு விரித்துக் கரண்டைக் குளிர வைக்கப் பார்த்தார். மாவில் தண்ணீர் சொட்டியதுதான் மிச்சம்.

சோலாரில் ஒரு இஞ்சினியரம்மா இருந்தார். ஈரோட்டுப் பக்கம். சின்ன வயது, பொறுமை ஜாஸ்தி. வோல்டேஜ் அளவுக்கு மிஞ்சி ஏறினால் சோலார் மிஷின்கள் தாமாகவே அணைந்துகொள்ளும், அதனால் அவருக்கும் தினம் தலைவலி. காரணத்தைச் சொல்ல ஒருநாள் மில்லுக்கு வந்தார். நானும் கூட வந்தேன். வாசலில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. கயிறு தளர்ந்து தொட்டில் மாதிரி தொங்கும்.

"ஐயா, இதுல ஒரு ஓரமா உட்காருங்க. அம்மா, நீங்க அந்த ஓரம்."

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். இஞ்சினியரம்மா நடுவில் உட்கார்ந்ததும் இரண்டு பேரும் அவர் மேல் சரிந்தார்கள். அவர் சட்டென்று எழுந்ததும் அண்ணாச்சி பின்பக்கமாக உருண்டார்.

"இதுதானுங்க உங்க ஊரு லைன். இறுக்கிக் கட்டின கட்டில்ல யாரு உட்கார்ந்தாலும் எந்திரிச்சாலும் பக்கத்துல இருக்கறவருக்குத் தெரியாது. தளர்ந்த கட்டில்ல ஒருத்தர் அசைஞ்சா எல்லாரும் ஆடுவாங்க. இப்ப சோலாரும் வந்தாச்சு. கட்டிலுக்கு அடியில இருந்து ஒருத்தர் முதுகால தூக்கறாருன்னு வெச்சுக்கங்க. வெயில் வந்தா தூக்குவாரு. மேகம் வந்தா விட்டுருவாரு."

அண்ணாச்சி குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். "அப்போ கரண்டு சூடு இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு முகம் வாடிவிட்டது. பிறகு, "அப்போ கட்டில இறுக்குங்க" என்றார்.

"இறுக்கலாமுங்க. வோல்டேஜப் புடிச்சு நிறுத்துற பெட்டி ஒண்ணு இருக்குது, லைனையும் தடிமனா மாத்தணும். மேல எழுதியிருக்கேன். அது வர்ற வரைக்கும் ஒரு உதவிங்க. உச்சி வெயில்ல வோல்டேஜ் ஏறும்போது ஊருல எல்லாரும் மோட்டார் போட்டா, கட்டில்ல நாலு பேரு உட்கார்ந்த மாதிரி கொஞ்சம் அமுங்கி நிக்கும்."

அண்ணாச்சி மாடிக் கம்பியை அண்ணாந்து பார்த்தார். "இத்தன காலமா நிறுத்து நிறுத்துன்னு சொன்ன வாயி. இப்ப போடு போடுன்னு சொன்னா, புத்தி கெட்டுப் போச்சும்பாவளே."

மதினி உள்ளேயிருந்து, "அது எப்பவோ சொல்லியாச்சு. நீங்க சும்மா சொல்லுங்க" என்றார்.

அன்றிலிருந்து வந்ததுதான் வெள்ளைத் துண்டு. வெயில் ஏறி முள் மேலே போனால் ஆன்டெனா கம்பியில் வெள்ளை பறக்கும். உடனே டீக்கடை கிரைண்டர் ஓட வேண்டும். பிறகு கீழத் தெரு. பிறகு மேலத் தெரு. கடைசியில் தோட்டத்து மோட்டார். எல்லாம் ஒவ்வொருத்தராக. மேகம் வந்தால் வெள்ளை இறங்கிச் சிவப்பு ஏறும். அண்ணாச்சி மாடியில் ஒரு கண் வானத்திலும் ஒரு கண் தெருவிலுமாக நிற்பார். ஊர்ப் பெண்கள் முதலில் சலித்துக்கொண்டார்கள். "மாவு ஆட்டி முடிச்சாச்சு அண்ணாச்சி, இனி எத ஆட்ட?" என்று கீழேயிருந்து ஒருத்தி கேட்டால், "தொட்டியில தண்ணி ஏத்து" என்பார். "தொட்டி நெறஞ்சிட்டு." "அப்போ எல்லாரையும் குளிக்கச் சொல்லு." எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்த வருஷம் குளித்த குளியல் ஜென்மத்துக்கும் போதும்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. அண்ணாச்சி அவ்வளவு சுத்தமாக நடத்தியதால் சோலார் மீட்டரில் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. இஞ்சினியரம்மா, இங்கே வோல்டேஜ் ஆடுகிறது, பெட்டி வேண்டும் என்று எழுதினால், கணக்கைப் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது என்று மேலேயிருந்து பதில் வந்தது. ஒரு துண்டால் இப்படி நிற்கிறது என்று எழுதி அனுப்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் மேலதிகாரிகள் இரண்டு பேர் நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். இஞ்சினியரம்மா மில்லுக்கு ஓடி வந்தார்.

"ஐயா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் துண்டு கட்டாதீங்க. மில்லையும் ஓட்டாதீங்க, உங்க மோட்டாருக்கு ஆபத்து. லைன் ஆடறத அவங்க கண்ணால பார்த்தாத்தான் பெட்டி வரும்."

"சரிம்மா. கட்டல" என்றார் அண்ணாச்சி.

அவர் மனசறிந்துதான் சொன்னார். ஆனால் ராத்திரி படுத்தபிறகு அவருக்குத் தோன்றியிருக்கிறது: வெளியூரிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் வீட்டைக் குப்பையாகப் போட்டு வைப்போமா? வந்தவர்களுக்கு முன்னால் ஊர் ஆடலாமா? அது மிளகாய் வற்றல் அறுவடை முடிந்த காலம் வேறு. மில் வாசலில் மிளகாய் மூட்டைகள் வரிசையில் இருந்தன. காலையில் மதினியை எழுப்பி வெள்ளைத் துண்டைத் துவைத்துக் கஞ்சி போடச் சொன்னார். மதினி வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு உச்சிப் பொழுதுக்குத்தான் துவைத்துக் கொடுத்தார்.

அதிகாரிகள் சோலார் ஆபீசில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயில். முள் அசையவில்லை. "நல்லாத்தானம்மா இருக்கு" என்றார் ஒருவர். இஞ்சினியரம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்தேன். மில் மாடியில், கஞ்சி போட்ட துண்டு, ஈரம்கூடக் காயாமல், விறைத்துப் பறந்துகொண்டிருந்தது.

"அது என்ன கொடி?" என்று கேட்டார் அதிகாரி. இஞ்சினியரம்மாவுக்கு இனி மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் நம்பவில்லை. போய்ப் பார்க்கலாம் என்று ஜீப்பில் ஏறினோம்.

அதற்குள் மில்லில் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. வரிசையில் இருந்த மூட்டைகளுக்காக அண்ணாச்சி மில்லையும் ஓட்டியிருந்தார், அரைபட்டது வற்றல். வற்றல் அரைக்கும்போது தூசியை வெளியே தள்ள மில் சுவரின் உச்சியில் ஒரு காற்றாடி உண்டு. அதற்கு நேர் மேலே ஆன்டெனா கம்பி. காய்ந்த துண்டாக இருந்தால் தூசி பறந்து போயிருக்கும். இது ஈரத் துண்டு, கஞ்சி வேறு போட்டது. மிளகாய்ப் பொடி அதில் அப்பிக்கொண்டது.

டீக்கடைப் பக்கம் ஆட்டு மந்தை குறுக்கே வந்ததால் ஜீப் நின்றது. மந்தை கடக்கும்வரை அதிகாரிகள் இறங்கி டீக்கடை நாற்காலியில் உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரர் கிரைண்டர் பக்கத்தில் நின்று கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொண்டு மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, அது என்ன கலரு?" என்று என்னைக் கேட்டார்.

நான் பார்த்தேன். "ரோஸ் மாதிரி இருக்கு."

"ரோஸுக்கு என்ன செய்யணும்னு அண்ணாச்சி சொல்லலியே."

எதிர் வீட்டு அக்கா வாசலுக்கு வந்தார். "பாதி செவப்புன்னா பாதிய நிறுத்தணும்போல. நான் கிரைண்டர நிறுத்திட்டேன். ஃபேன் ஓடுது."

"பாதி கிரைண்டர எப்படி நிறுத்த? இது ஒரே கல்லுல்லா" என்று டீக்கடைக்காரர் தவித்தார். அவர் தவித்துக்கொண்டிருக்கும்போதே துண்டு நல்ல சிவப்பாகிவிட்டது. அவருக்கு நிம்மதி. சுவிட்சை அணைத்தார். கீழத் தெரு அணைத்தது. மேலத் தெரு அணைத்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அடியிலிருந்து தூக்குகிறவர் மட்டும் உச்சி வெயிலில் முழுப் பலத்தோடு தூக்கிக்கொண்டிருக்கிறார்.

டீக்கடை டியூப்லைட் வெள்ளையாக எரிந்தது. ஃபேன் இரைந்தது. அதிகாரி அண்ணாந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டே நாற்காலியை நகர்த்தினார். அப்போது இஞ்சினியரம்மாவின் போன் அடித்தது. வோல்டேஜ் மிஞ்சி சோலார் முழுவதும் அணைந்துவிட்டது. ஃபேன் சோர்ந்தது.

"வண்டிய எடுங்க, மில்லுக்கு" என்றார் இஞ்சினியரம்மா.

நாங்கள் போய் இறங்கும்போது அண்ணாச்சி மாடியில் நின்றார். முகமெல்லாம் மிளகாய்ப் பொடி, கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது. துண்டை உதறிப் பார்த்தார், தும்மினார், மறுபடி உதறினார். அது சிவப்பு சிவப்பாகவே இருந்தது. தன் துண்டைப் பார்த்து ஊர் தப்பாக நிறுத்திவிட்டது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். சோலார் அணைந்தது தெரியாது. கையில் வேறு வெள்ளைத் துணி இல்லை. ஒரு நொடி யோசித்தார். இடுப்பு வேட்டியை அவிழ்த்துக் கம்பியில் கட்டிவிட்டார்.

வேட்டி பெரிய வேட்டி. காற்றும் நல்ல காற்று. அடுத்த ஊருக்கே தெரிந்திருக்கும்.

துண்டுக்கு ஒவ்வொருத்தராகப் போடுவதுதான் பழக்கம். வேட்டிக்கு என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இவ்வளவு பெரிதாகக் கட்டியிருக்கிறார் என்றால் அண்ணாச்சி மோட்டாருக்கு ஏதோ ஆபத்து என்று ஊர் நினைத்தது. அந்த மோட்டார் போனால் அவர் போய்விடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். டீக்கடை, கீழத் தெரு, மேலத் தெரு, தோட்டம் எல்லாம் ஒரே மூச்சில் கையில் கிடைத்த சுவிட்சையெல்லாம் போட்டார்கள்.

தூக்குகிறவர் இல்லாத கட்டிலில் ஊரே குதித்து உட்கார்ந்தது.

மில்லுக்குள் மோட்டாரின் சத்தம் மாறியது. ஓடிக்கொண்டிருந்தது நடந்தது, பிறகு நின்ற இடத்தில் நின்று உம்மென்று உறுமியது. ஒரு கருகல் வாடை வந்தது. அண்ணாச்சிக்கு அந்த வாடை தெரியும்.

"ஏட்டி, மோட்டாரு" என்று மேலேயிருந்து மதினியைக் கூப்பிட்டார். ஏணிக்கு வந்தார். ஏணிக்குக் கீழே இஞ்சினியரம்மாவும் இரண்டு அதிகாரிகளும் நிற்கிறார்கள். அவர் கோடு போட்ட டவுசரில் நிற்கிறார். சட்டென்று கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். தலை மட்டும் தெரிந்தது.

"இஞ்சினியரம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க" என்றார்.

அவர் வெட்கப்பட்ட அந்தக் கொஞ்ச நேரம் போதும், காயில் எரிந்துபோக. நான் உள்ளே பாய்ந்தேன். எனக்கு முன்னாலேயே மதினி ஓடிக்கொண்டிருந்தார். வழியில் சூட்கேஸ் தடுக்கியது. அதைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போய் மெயின் சுவிட்சை இழுத்து இறக்கினார்.

எல்லாம் அமைதியானது. மிளகாய்த் தூசி மெல்ல இறங்கியது. ஒரு அதிகாரி தும்மினார். இன்னொரு அதிகாரி தும்மினார். இஞ்சினியரம்மா, நான், ஜீப் டிரைவர் எல்லோரும் சேர்ந்து தும்மினோம். மேலேயிருந்து குரல் வந்தது.

"ஒவ்வொருத்தரா தும்முங்கய்யா. கட்டடம் பழசு."

மதினி புறங்கையை மோட்டார் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "காய்ச்சல்தான்" என்றார். "பொழச்சிக்கிடும்."

அதற்கப்புறம் அதிகாரிகள் கணக்கு எதையும் கேட்கவில்லை. பார்த்ததே போதுமாக இருந்தது. பெட்டியும் வந்தது. பஸ் ஸ்டாப் நிழற்குடை அளவுக்கு இருந்தது. லைனையும் தடிமனாக மாற்றினார்கள். பெட்டியை ஓடவிட்ட அன்று அண்ணாச்சி இரண்டு துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். மேகம் வந்தது, போனது. ஊரில் அவரவர் இஷ்டத்துக்குப் போட்டார்கள், நிறுத்தினார்கள். முள் அசையவில்லை.

"முள்ளு நிக்கு" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று சாப்பாடு சரியாகச் செல்லவில்லை என்று மதினி சொன்னார்.

மறுநாள் பார்த்தால் கம்பியில் சிவப்புத் துண்டு. டீக்கடைக்காரர் பதறிப்போய் கிரைண்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார்: "கரண்டுக்கு இல்லப்பா. வத்தல் அரைக்கேன். ஜன்னல சாத்தச் சொல்லு. மொதல்ல கீழத் தெரு."

நாம் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் மதினியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். சூட்கேஸ் அங்கேயேதான் இருந்தது. பேத்தியைப் பார்க்கப் பொங்கலுக்குப் போய்விட்டு வரப் போவதாகச் சொன்னார். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததை அன்று கேட்டேன்.

"மதினி, அன்னைக்கு நீங்க ஓடாம இருந்தா இந்நேரம் திருப்பூர்ல இருப்பீகள்லா?"

மதினி பாவாடையில் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "இருப்பேன். ஆனா இந்த மனுசன் அங்கன போயி, அந்தத் தெருவுக்கும் துண்டு கட்ட ஆரம்பிச்சிருவாரு. இங்கன இருக்கவுகளுக்குப் பழகிட்டு. அவுகளுக்கு என்ன தலையெழுத்தா?" என்றார். பிறகு எழுந்து போய், நான் அங்கே இல்லாத மாதிரி, மோட்டார் மேல் புறங்கையை வைத்தார். இந்தத் தடவை பெருமூச்சு விடவில்லை.

கோவில்பட்டியில் வோல்டேஜுக்குக் குறைவில்லை. இங்கே நான் போடும் மிக்சியால் அங்கே அந்த மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. அதெல்லாம் தெரிகிறது. இருந்தாலும் நம் எதிர்வீட்டு மாடியில் யாராவது சிவப்புச் சேலையைக் காயப்போட்டிருந்தால், எடுக்கிற வரைக்கும் சுவிட்சில் கை வைக்க மனசு வருவதில்லை. நீங்கள் இரண்டு பேரும் தட்டை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் கத்தாதீர்கள். சட்னி வரும். ஒவ்வொருத்தராகக் கேளுங்கள்.